லேத்துக்கு டிரைவ் பொருத்தும் முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக் கராஜையே பட்டறையாக்கிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம். ஏலத்தில் எடுத்த பழைய லேத்தில் இருப்பதோ மும்முனை மோட்டார். இரண்டையும் இணைக்க, டிரைவ் என்ற மின்னணுப் பெட்டியை வாங்குகிறார்கள். டர்பனில் மின்பணி செய்யும் என்னை, "டிரைவ் கெட்டுவிட்டது, வந்து பாருங்கள்" என்று அழைக்கும் வீடுகளில் பெட்டி உண்மையிலேயே கெட்டிருப்பது அபூர்வம். மோட்டாரைப் பற்றிய விவரம் எதையும் அதில் பதியாமல், தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அமைப்பிலேயே ஓட்டியிருப்பார்கள்.

உள்ளே வரும் 230 வோல்ட்டை டிரைவ் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக (டி.சி.) மாற்றி, அதை மீண்டும் துண்டு துண்டாக நறுக்கி மும்முனையாக வெளியே தருகிறது. சாதாரண ஒருமுனை டிரைவ் 230 வோல்ட்டை 400 ஆக உயர்த்தித் தராது. எனவே மோட்டார்மேல் உள்ள விவரத் தகட்டில் 230/400 என்றோ, பழைய மோட்டாராக இருந்தால் 220/380 என்றோ எழுதியிருந்தால், இணைப்புப் பெட்டியைத் திறந்து பட்டைகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றியாக வேண்டும் (மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள் இவை; ஸ்டார் 400-க்கு, டெல்டா 230-க்கு). ஸ்டாரிலேயே விட்டுவிட்டால் மோட்டார் சுற்றத்தான் செய்யும். ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால், கத்தி இரும்பைத் தொட்டதும் திணறும். சில பழைய மோட்டார்களில் மூன்று முனைகள் மட்டுமே வெளியே வந்திருக்கும். ஸ்டார் முடிச்சு சுருளுக்குள் புதைந்திருக்கும். அதைத் தோண்டி எடுப்பது காயில் கட்டுபவரின் வேலை. சுரங்கத்திலிருந்து கழித்துவிட்ட மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள், இந்நாட்டுச் சுரங்கங்களில் 525 வோல்ட் புழங்குகிறது என்பதை நினைவில் கொள்ளவும்; அதற்கான மோட்டாருக்கு இந்த டிரைவ் தரும் 230 வோல்ட் போதாது. கெப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாருக்கு இந்த வகை டிரைவ் பொருந்தவே பொருந்தாது.

டெல்டாவுக்கு மாற்றியபின் தகட்டிலுள்ள டெல்டா ஆம்பியரையும், 50 ஹெர்ட்ஸையும், நிமிடச் சுற்றையும் டிரைவில் பதிய வேண்டும். ஆம்பியரைப் பதியாவிட்டால், மோட்டார் கருகும்போதும் பெட்டி தன் சொந்தத் திறனையே அளவாக வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். லேத்தில் முன்பே இருந்த முன்–பின் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்கக் கூடாது. ஓட்டத்தின் நடுவே அதைத் திருப்பினால் டிரைவின் வெளியீட்டுப் பகுதி பழுதாகும். அந்தச் சுவிட்சைக் கழற்றி, டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி மாற்றும்போதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு நேர்கிறது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ஒருவர் பட்டறைக்குப் போயிருந்தேன். கடைசல் நடுவே மின்சாரம் போயிருக்கிறது. அவர் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சாவியை மாட்டி வேலைப்பொருளைத் தளர்த்திவிட்டு, சுவிட்ச் ஓடும் நிலையிலேயே இருப்பதைக் கவனிக்காமல் சாப்பிடப் போய்விட்டார். மின்சாரம் திரும்பியதும் லேத் தானாகவே சுழன்று, சாவி பறந்து கராஜ் கதவைக் குழியாக்கியிருந்தது. நிலையாக நிற்கும் சுவிட்சால் ஓட்டும் இருகம்பி முறையில், பல டிரைவ்கள் மின்சாரம் வந்தவுடன் அந்தக் கட்டளையை அப்படியே நிறைவேற்றும். அழுத்தினால் ஓடவும் அழுத்தினால் நிற்கவும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ள மூன்றுகம்பி முறையில் இணைத்து, தானாக மீண்டும் தொடங்கும் அமைப்பையும் அணைத்துவிட்டால் மறுபடி பொத்தானை அழுத்தும் வரை லேத் அசையாது. இதற்காகும் செலவு இரண்டு பொத்தான்கள்தான். இதைச் செய்யாமல் நான் எந்த லேத்தையும் ஒப்படைப்பதில்லை.

நிற்கும் நேரத்தை மிகக் குறைவாக வைத்தால், சுழலும் சக்கின் ஆற்றல் திரும்பி வந்து அதிக மின்னழுத்தம் என்று டிரைவ் டிரிப் ஆகும். திருகு முறையில் மாட்டும் சக்காக இருந்தால் கழன்றும் விழலாம். வேகத்தை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து நெடுநேரம் கனமான வேலை செய்தால், மோட்டாரின் அச்சிலேயே உள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு தணியாது. அங்கே பெல்ட்டை மாற்றி வேகம் குறைப்பதே நல்லது. டிரைவின் உள்ளிருக்கும் வடிகட்டியின் கசிவால் வீட்டின் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால், எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. டிரைவுக்கேற்ற எர்த் லீக்கேஜோடு தனி லைன் இழுத்து, உரிமம் பெற்றவரிடம் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள்.

மெகர் (சுருளின் மின்காப்பை உயர் மின்னழுத்தத்தில் சோதிக்கும் கருவி) வைத்து மோட்டாரைச் சோதிப்பதானால் முதலில் டிரைவிலிருந்து கம்பிகளைக் கழற்ற வேண்டும். மெயினை அணைத்தபின் பெட்டிமேல் எழுதியுள்ள நிமிடங்கள் முழுவதும் காத்திருந்து, கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். முதல் ஓட்டம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, 10 ஹெர்ட்ஸில். மோட்டார் எதிர்ப்புறம் சுற்றினால், மீண்டும் அணைத்துக் காத்திருந்து, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றுங்கள். உள்ளே வரும் கம்பிகளை மாற்றிப் பயனில்லை.