எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன்

மத்திய அலை வானொலியில், பகலில் எட்டாத தொலைதூர நிலையங்கள் இருட்டியதும் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். காரணம், நம் தலைக்கு மேலே 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்கும் அயனி மண்டலம். அயனிகளும் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள், மூலக்கூறுகள்) தனி எலக்ட்ரான்களும் கலந்த காற்றடுக்கு அது.

ஆக்சிஜன் அணுவின் கருவில் 8 புரோட்டான்கள். வெளியே 8 எலக்ட்ரான்கள். கணக்கு நேராகிவிடுவதால் அணுவுக்கு மின்னூட்டம் இல்லை. அவற்றில் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், ஊதா நிற ஒளித்துகளிடம்கூடச் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட்தான் உண்டு. அத்தகைய துகள்கள் சூரியனிலிருந்து எத்தனை கோடி வந்தாலும் பயனில்லை. ஆனால் 91 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிரென்றால் ஒற்றைத் துகளே போதும். எலக்ட்ரான் வெளியேறும், அணு நேர்மின் அயனியாகிவிடும்.

இதுவரை பள்ளிப் பாடம். என்னைப் பெரிதும் வியக்கவைப்பது, அந்த அயனி பழைய நிலைக்குத் திரும்பும் விதம். பக்கத்தில் வரும் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால், வந்து சேரும்போது மிஞ்சுகிற ஆற்றலை எங்கேனும் இறக்கியாக வேண்டும். ஒரு தனி அணுவால் அதைப் பெரும்பாலும் ஒளியாக உமிழத்தான் முடியும். அது மிக அரிதாகவே கைகூடும். மூலக்கூறுக்கு இந்தத் தொல்லை இல்லை. நைட்ரிக் ஆக்சைடு அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றவுடன் நைட்ரஜன் ஒரு பக்கமும் ஆக்சிஜன் மறுபக்கமுமாகப் பிளந்து பறக்கிறது. மிஞ்சிய ஆற்றலை அந்தப் பாய்ச்சலே சுமந்து சென்றுவிடுகிறது.

300 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பெரும்பாலும் தனித்தனி அணுக்களாகவே இருக்கிறது. அங்குள்ள ஆக்சிஜன் அயனி முதலில் ஒரு மூலக்கூறைச் சந்தித்து, அதனோடு வினைபுரிந்து ஒரு மூலக்கூறு அயனியை உண்டாக்க வேண்டும். அதன் பிறகே எலக்ட்ரானோடு சேரும் வழி எளிதாகிறது. அந்த மெலிந்த காற்றில் மூலக்கூறுகள் குறைவு. ஆகவே சூரியன் மறைந்த பின்னும் மேலடுக்கு முற்றிலும் அழிவதில்லை.

60 முதல் 90 கிலோமீட்டர் வரையுள்ள கீழடுக்கின் கதை வேறு. அங்கே காற்று அடர்த்தியானது. வானொலி அலையால் அசையும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடுகின்றன. பகலில் மத்திய அலை மேலே போய்த் திரும்பி வராததற்கு இதுவே காரணம். பொழுது சாய்ந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்கள் விரைவில் அயனிகளோடு சேர்ந்துவிடுகின்றன. சில, ஆக்சிஜன் மூலக்கூறுகளில் ஒட்டி எதிர்மின் அயனிகளாகின்றன. தடை நீங்க, அலைகள் மேலடுக்குகளை எட்டித் தரைக்குத் திரும்புகின்றன.

அப்படி மேலிருந்து திரும்பும் அலைகள் உண்டு என்பதை 1924-இல் பி.பி.சி.யின் போர்ன்மவுத் அலைபரப்பியைக் கொண்டு பிரிட்டிஷ் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன் நிறுவினார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனில் பெரும் சுடர்வெடிப்பு நேரும்போது எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் பூமியை அடைந்து, கீழடுக்கில் எலக்ட்ரான்களை வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெருக்கிவிடுகின்றன. அப்போது பூமியின் பகல் பக்கத்தில் மட்டும் சிற்றலைத் தொடர்பு அறுந்துபோகும். கடல் மீது பறக்கும் விமானங்கள் இன்றும் நம்பியிருக்கும் தொடர்பு அது.