கமிஷன் தகராறில் நடுவர் தீர்ப்பு: நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடும்?

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளி ஏஜென்சி நடத்தும் தமிழர்கள் ஆலைகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் நடுவர் தீர்த்துவைப்பார் என்ற ஷரத்து இருப்பதுண்டு. அந்த நடுவரின் தீர்ப்பு பாதகமாக அமைந்துவிட்டால், அதை மேல்முறையீடு போல நீதிமன்றத்தில் மீண்டும் முதலிலிருந்து வாதிட முடியாது என்பதைக் கையெழுத்திடும்போதே அறிந்திருப்பது மிக அவசியம்.

1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்யலாம். முறையான நோட்டீஸ் தராதது, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காதது, ஒப்படைக்கப்படாத விஷயத்தில் முடிவு சொன்னது, மோசடி அல்லது ஊழலால் பெற்ற தீர்ப்பு போன்றவை அவற்றில் அடங்கும். உள்நாட்டுத் தரப்பினருக்கு இடையிலான வழக்கென்றால், தீர்ப்பைப் படித்த மாத்திரத்தில் தெரியும் வெளிப்படையான சட்டமீறலும் ஒரு காரணம். ஆனால் சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காகவோ, சாட்சியங்களை மறுபடி எடைபோட்டோ தீர்ப்பை ரத்து செய்யக்கூடாது என்று 2015 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் ‘விற்பனைத் தொகையில் 5 சதவீதம் கமிஷன்’ என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்த சரக்குக்குக் கமிஷன் கிடையாது என்று நடுவர் பொருள்கொண்டால், வேறு விதமாகவும் பொருள்கொள்ள இடமிருந்தாலும், அவர் கொண்ட பொருள் ஏற்கத்தக்கதாக இருக்கும்வரை நீதிமன்றம் அதில் கைவைக்காது. மாறாக, 5 சதவீதம் என்று எழுதியிருக்க, தரப்பினர் அனுமதியின்றி, நியாயம் என்று தமக்குப் பட்டதால் நடுவர் 8 சதவீதம் கொடுக்கச் சொன்னால், அது ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதாகிவிடும்; அங்கே தலையிட இடமுண்டு. ஏஜென்டுகள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செலவழிப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

வெறும் கணக்குப் பிழை என்றால், தீர்ப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் நடுவரிடமே திருத்தம் கேட்கலாம். குறிப்பிட்ட சில சூழல்களில் நீதிமன்றமே தீர்ப்பில் மாற்றம் செய்யலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

ரத்து கோரும் மனுவுக்கு, நடுவர் தீர்ப்பின் கையொப்பமிட்ட பிரதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள் கிடைக்கும், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ஆகவே பிரதி வந்த தபால் உறையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடை கோரித் தனியே விண்ணப்பிக்க வேண்டும், பணம் தொடர்பான தீர்ப்பானால் தொகையைச் செலுத்தும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். தடை இல்லையென்றால், கெடு முடிந்ததும் வென்றவர் நீதிமன்ற டிக்ரியைப் போலவே அதை நிறைவேற்றிக்கொள்ளலாம்.