பத்திரத்தில் பரப்பளவைப் பார்க்கிறீர்களா, புள்ளியைப் பார்க்கிறீர்களா?

நிலம் வாங்க வருகிறவர்கள் வில்லங்கச் சான்றை வரி வரியாகப் படிப்பார்கள், நான்கெல்லையை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், ஆனால் பரப்பளவில் இருக்கிற புள்ளியை மட்டும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பத்திரம் எழுதுகிற எனக்குத் தலைவலியே அந்தப் புள்ளிதான்.

2 ஏக்கர் 5 சென்ட்டை 2.5 என்று குறித்துக்கொண்டு வருவார்கள். ஏக்கருக்கு 100 சென்ட், ஆக 5 சென்ட் என்பது நூறில் ஐந்து, 2.05 என்றுதான் எழுத வேண்டும். 2.5 என்றால் இரண்டரை ஏக்கர். வித்தியாசம் 45 சென்ட், 19,602 சதுர அடி, அதாவது எட்டு கிரவுண்டுக்கும் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) மேலே.

மனைக்கு வந்தால் அடியும் அங்குலமும். 6 அங்குலம் அரை அடி என்று வாயால் சரியாகச் சொல்கிறவரே கால்குலேட்டரில் 30 அடி 6 அங்குலத்தை 30.6 என்று தட்டுவார். அங்குலத்தை 12-ஆல் வகுத்துவிட்டுத்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும்: 3 அங்குலம் 0.25, 6 அங்குலம் 0.5, 9 அங்குலம் 0.75. 30 அடி 11 அங்குல அகலத்தை 30.11 என்று போட்டு 60 அடி நீளத்தால் பெருக்கினால் 1,806.6 சதுர அடி வரும், உண்மையில் அது 1,855. ஒரு குளியலறைக்கான இடம் போச்சு! (இந்தக் கணக்குப்படி 2 அங்குலம் 30.2 ஆகி, 11 அங்குலத்தைவிடப் பெரிதாகிவிடும்.)

பட்டாவில் ஹெக்டேர், ஏர் தனித்தனி; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். 0 - 4.50 என்றிருந்தால் நாலரை ஏர், 0.045 ஹெக்டேர், சுமார் 11 சென்ட். அதை 0.45 ஹெக்டேர் என்று படித்தால் 111 சென்ட் ஆகிவிடும்.

பாகப்பிரிவினையில் வேறு வகைச் சிக்கல். ஒரு ஏக்கரை மூன்று பேர் பிரித்து ஆளுக்கு 33 சென்ட் என்று எழுதினால், மீதி ஒரு சென்ட், 435.6 சதுர அடி, யார் பெயரிலும் இல்லாமல் நிற்கும். 33.33 என்று எழுதினாலும் முழுசாகத் தீராது, மூன்றால் வகுத்தது தசமத்தில் முடியவே முடியாது. பாதி, கால், அரைக்கால் எல்லாம் 0.5, 0.25, 0.125 என்று அழகாக முடிந்துவிடும், மூன்று, ஆறு, ஏழு, ஒன்பது போன்றவைதான் இழுத்துக்கொண்டே போகும். அதனால் நான் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் சதுர அடியும் போடுவேன். 43,560-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 14,520, பாக்கியே கிடையாது. ஏழு பங்காளி என்றால் அதுவும் உதவாது, கடைசிப் பங்குக்கு ‘மீதியுள்ள பரப்பு முழுவதும்’ என்று எழுதிவிடுவது நல்லது.

ஏற்கெனவே பதிவான பத்திரத்தில் இப்படிப் பிழை இருந்தால், எழுதிக்கொடுத்தவர் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.