"பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் ஊரைத்தான் கேட்பேன். செங்கல்பட்டுப் பக்கம் நான் பார்க்கும் இருளர் பழங்குடிப் பிள்ளைகள் பலர் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்வார்கள். தங்கள் குடியிருப்பைச் சொன்னால் யாரென்று தெரிந்துவிடுமே!

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் சம்மதத்தோடு, சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். பேசவே மாட்டாள், மந்தம் என்று அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் சந்திப்பில்தான் வாய் திறந்தாள். "உங்க வீட்ல எலி சாப்பிடுவீங்களாமே" என்று வகுப்பில் கேட்டதிலிருந்து தனியாகப் போய்த்தான் சாப்பிடுகிறாள். அப்புறம் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணையில், "இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியணுமே, தெரியுமா?" என்றார்களாம். பள்ளியில் எதை மறைத்தாளோ அதையே அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை பாவம், என்ன செய்யும்?

இந்த மௌனத்தை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள், ஆசிரியர்களே.

அவள் தாத்தா வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சும் அங்கிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றது அவளுக்குத் தெரியவே தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

வளைக்குள் பாம்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படமே வரைந்து வந்தாள். வாசலில் மண் மழமழவென்று இருந்தால் போக்குவரத்து இருக்கிறது. சிலந்தி வலை கட்டியிருந்தால் அந்த வளையைத் தோண்ட வேண்டாம். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள்.

அதற்காக ஒவ்வொரு இருளர் பிள்ளையையும் பாம்போடு கட்டிவைக்கவும் கூடாது. இவளுக்குப் பாம்பென்றால் பயம். செவிலியர் படிப்புதான் ஆசை. பாம்பு பிடிக்காத இருளரும் இருளர்தான்.

பள்ளிகளிடம் ஒன்று கேட்கிறேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் கூடும். மணலில் கன்னியம்மனை வைத்துக் கும்பிடுவார்கள், விடியலில் கல்யாணம் நடக்கும். பரீட்சை நேரம்தான், சரி. அந்த இரண்டு நாளைக்குப் பிள்ளைகளை விடுங்கள். திரும்பி வந்ததும் என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இந்த வருடம் அவள் போனாள். கூடவே வகுப்புத் தோழி ஒருத்தியையும் அழைத்துப் போயிருக்கிறாள்.