உப்புக்காற்றில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி போடலாமா?

போன மாதம் கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கூப்பிட்டார். இரண்டு கதவு, டர்போ இன்ஜின், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார் வைத்திருக்கிறார். கம்பெனி வாரண்டி முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க ஷோரூமில் இரண்டு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட கேட்கிறார்களாம். "போடலாமா வேண்டாமா தம்பி, ஒரே வார்த்தையில சொல்லு" என்றார்.

"காக்கா, நீங்க ஊர்ல இல்லாத பத்து மாசமும் வண்டி எங்கே நிக்குது?" என்று கேட்டேன். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வீட்டு வாசல்லதான். கவர் போட்டிருக்கோம்."

வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

ராமநாதபுரத்தில் பட்டறை வைப்பதற்கு முன் மதுரையில் ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வாரண்டி க்ளெய்ம் எழுதி அனுப்புவதும், அது மறுக்கப்பட்டு வந்தால் வாடிக்கையாளரை உட்காரவைத்துக் காரணம் சொல்வதும் என் வேலை. அப்படிக் காரணம் சொன்ன பல தடவைகளில், அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அந்தக் காரணம் அச்சாகி இருந்தது. யாரும் அதைப் படித்துக் காட்டியிருக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வாரண்டி என்பது ஒரு பாகம் தன் குறையால் பழுதானால் சரிசெய்து தருவோம் என்ற வாக்கு. இடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ அது இன்சூரன்ஸ் பக்கம். தண்ணீரில் ஓட்டி இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் சாதாரண இன்சூரன்ஸ்கூடப் பெரும்பாலும் கை கொடுக்காது, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். பிரேக் பேட், டயர், கிளட்ச் தட்டு போன்ற தேய்மானப் பொருள்களும் பொதுவாக வாரண்டியில் சேராது. இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரையில் கூடுதலாக ஒரு வரியைத் தேட வேண்டும்: சுற்றுச்சூழலால் வரும் அரிப்பு, துரு.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று ரயில்வேக்குத் தெரியும். வாரண்டி எழுதுகிறவர்களுக்கும் தெரியும், அதனால்தான் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் உப்பு முதலில் கை வைக்கும் இடம் முன்பக்கம். ஏசி கண்டென்சர், ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாம் மெல்லிய அலுமினியத் தகடுகள். பெரிய காற்றுத் துவாரங்களுக்குப் பின்னால் திறந்தே இருக்கின்றன. மண்டபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரில் கண்டென்சர் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து கேஸ் முழுக்க வெளியேறியிருந்தது. அந்த வண்டிக்கு ஒரு வெளிக் கம்பெனியின் வாரண்டி இருந்தது. அரிப்பு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அடுத்தது ஒயரிங் இணைப்புகள். செம்புக் குடத்தில் களிம்பு பிடிப்பது போலப் பச்சை பூத்துவிடும், டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத விளக்கெல்லாம் எரியும். சென்சார் போனதா, உப்பு தின்றதா என்ற வழக்கு அங்கேதான் தொடங்கும். "துரு வாரண்டியும் உண்டு" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது பாடித் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுவதற்கு மட்டும்தான்.

அப்புறம் நிறுத்தி வைப்பது. ஓடாத வண்டிக்குச் செலவில்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டர் அல்லது காலம், எது முந்தியோ அது. மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று ஒரு வருட சர்வீஸைத் தள்ளிப்போட்டால், பின்னால் இன்ஜின் க்ளெய்முக்கு அதையே காரணம் காட்டலாம். எலி கடித்த ஒயருக்கும் வாரண்டி கிடையாது. தம்பிமார் ஆசைப்பட்டு இசியு-வை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்து பவர் ஏற்றிய வண்டியா? இன்ஜின், கியர்பாக்ஸ் க்ளெய்மை மறந்துவிடலாம். பழைய நிலைக்கு மாற்றிவிட்டாலும் பல கார்களில் தடயம் தெரியும்.

இவ்வளவு சொன்னதால் வாரண்டியே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் பாகம்), டர்போ, எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன், இவற்றில் ஒன்று போனாலே நீங்கள் கட்டும் வாரண்டிப் பணத்தைத் தாண்டிவிடலாம். உப்புக்கு இதில் பங்கு குறைவு, உள்ளே நடக்கும் பழுது. அந்த மாதிரிச் செலவு திடீரென்று வந்தால் சிரமம் என்றால், வண்டியை இன்னும் சில வருடம் வைத்திருப்பீர்கள் என்றால், போடுங்கள். ஆனால் கார் கம்பெனியே தரும் வாரண்டியாக இருக்கட்டும். வெளிக் கம்பெனி என்றால் ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, நம் கையிலிருந்து எவ்வளவு, வேலை தொடங்குமுன் அனுமதி வாங்க வேண்டுமா, வண்டியை மதுரைக்கோ சென்னைக்கோ ஏற்றிப்போகும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். க்ளெய்மை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ பேச இடம் இருக்கும். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு.

அடுத்த வருடமே விற்கும் யோசனை இருந்தால், வாரண்டி வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்று பாருங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் வீண்.

காக்காவிடம் கடைசியில் சொன்னது இதுதான். முதலில் வண்டியை வாசலிலிருந்து எடுத்து, காற்று நேராக அடிக்காத மூடிய ஷெட்டில் விடுங்கள். ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் தம்பி நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவி, காயும்வரை இருபது கிலோமீட்டர் ஓட்டட்டும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும், அங்கே மணலும் சேர்ந்து அடிக்கும். வருட சர்வீஸ் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் நடக்கட்டும், பில் உங்கள் கையில் இருக்கட்டும். இதெல்லாம் நடக்குமென்றால் கம்பெனி வாரண்டியைப் போடுங்கள். நடக்காதென்றால் அந்த இரண்டு லட்சம் வங்கியில் கிடக்கட்டும்.

ஷெட் பார்த்துவிட்டதாகப் போன வாரம் செய்தி அனுப்பினார். வண்டி திங்கட்கிழமை என் பட்டறைக்கு வருகிறது. இருக்கும் வாரண்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் ஒவ்வொரு கசிவையும் சத்தத்தையும் இப்போதே எழுதி, பழைய வாரண்டியிலேயே சரிசெய்யச் சொல்லி ஷோரூமுக்கு அனுப்பப் போகிறேன்.