அண்டர்டாக்: தமிழில் என்ன சொல்வது?

உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிவிட்டால் வர்ணனையிலும் டீக்கடைப் பேச்சிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: அண்டர்டாக், அதாவது தோற்கும் என்று எல்லாரும் நினைக்கிற அணி. 2022இல் கத்தாரில் மொராக்கோ பெல்ஜியத்தை 2-0 என்று வென்றபோது அதைச் சொன்னார்கள். ஸ்பெயினைப் பெனால்டியில் வெளியேற்றியபோதும் சொன்னார்கள். போர்ச்சுகலை 1-0 என்று தோற்கடித்து, அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி என்று ஆன பிறகும் அதே பெயர்தான். இத்தனைக்கும் அந்த அணியின் பட்டப்பெயர் அட்லஸ் சிங்கங்கள். கேமரூனுக்கும் செனகலுக்கும்கூட சிங்கம்தான் பட்டப்பெயர். சிங்கம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவரை உலகம் நாய் என்று சொல்லிப் பாராட்டுகிறது!

சொல் பிறந்தது நாய்ச்சண்டையில். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பந்தயம் கட்டி நாய்களை மோதவிடும் வழக்கம் இருந்தது. கட்டிப் புரளும்போது மேலே ஏறி நிற்கிற நாய் டாப் டாக். அடியில் மாட்டிக் கடிபடுகிற நாய் அண்டர் டாக். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டு சொல்லும் நாயை விட்டு மனிதருக்கு வந்துவிட்டன. இன்னொரு கதையும் உலவுகிறது. பெரிய மரத்தைக் குழிக்கு மேலே கிடத்தி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று ரம்பம் இழுப்பார்கள். கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் விழ, குழிக்குள் நிற்கிறவர்தான் அண்டர்டாக் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்துச் சான்று நாய்ச்சண்டைக்குத்தான் இருக்கிறது.

மனிதருக்கு வந்தபோது பொருளும் சற்று நகர்ந்தது. முதலில் அது கண்முன்னால் தோற்றுக்கொண்டிருக்கிற நாய். இன்று ஆட்டம் தொடங்கும் முன்பே, இவர் தோற்பார் என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறதே, அவர்தான் அண்டர்டாக். ஆக, இந்தச் சொல் ஆடுகிறவரின் பலத்தைவிடப் பார்க்கிறவரின் கணக்கைத்தான் அதிகம் சொல்கிறது. டார்க் ஹார்ஸ் என்று குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல்லை இதோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. இதுவரை பேசப்படாத, ஆனால் திடீரென்று முந்தக்கூடிய குதிரை அது. யார் கணக்கிலும் அது தோற்கும் என்று எழுதப்படவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அடிநாய்' என்று ஏதோ ஒன்று வரும். நம் ஊரில் அதைச் சொல்லிவிட்டுப் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியாது. நாய் என்று தமிழில் ஒருவர் தன்னை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பக்திப் பாடல்களில் 'நாயேன்' என்றால் அடியேன் என்று பொருள். மாணிக்கவாசகர் தன்னை நாயினும் கடையவனாகச் சொல்லி உருகுகிறார். அதையே அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் வசவு. அண்டர்டாக் என்ற சொல்லிலும் இந்த வேறுபாடு இருக்கிறது, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். போர்ச்சுகலை வென்ற பிறகு மொராக்கோ பயிற்சியாளர் வாலித் ரெக்ராகுய், தன் அணியை ஹாலிவுட் படத்தில் வரும் எளிய குத்துச்சண்டை வீரனோடு ஒப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னபோது அதில் மிடுக்கு இருந்தது. அதையே எதிரணிப் பத்திரிகை எழுதினால் முதுகில் தட்டிக்கொடுப்பது போல ஆகிவிடும்.

நம் விளையாட்டுப் பக்கங்களில் அதிகம் புழங்குவது கத்துக்குட்டி. கற்றுக்குட்டியின் பேச்சு வடிவம் இது; காற்று காத்தானது போலத்தான். அரைகுறையாகக் கற்றவர், தொழிலுக்குப் புதியவர் என்று பொருள். கிரிக்கெட்டில்தான் இதற்கு வேலை அதிகம். 2007 மார்ச் 17 அன்று உலகக் கோப்பையில் அயர்லாந்து பாகிஸ்தானையும் பங்களாதேஷ் இந்தியாவையும் ஒரே நாளில் தோற்கடித்தன. 2023இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை 8 விக்கெட்டில் வென்ற ஆப்கானிஸ்தான், மறு ஆண்டே டி20 உலகக் கோப்பையின் அரையிறுதி வரை போனது. இதற்குப் பிறகும் அவர்களைக் கத்துக்குட்டி என்று எழுதுவது சோம்பேறித்தனம். மொராக்கோவுக்கு அந்தச் சொல் அறவே பொருந்தாது. அவர்கள் முதன்முதலில் உலகக் கோப்பை ஆடியது 1970இல். 1986இல் இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளா அவர்கள்?

கத்துக்குட்டி என்ற பார்வை எவ்வளவு கொடுமையானது என்பதற்கு 1974இன் ஜயர் அணி ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுதான் அன்றைய ஜயர். அந்த ஆண்டின் ஆப்பிரிக்கச் சாம்பியனாக மேற்கு ஜெர்மனிக்கு வந்தார்கள். ஸ்காட்லாந்திடம் 0-2, யூகோஸ்லாவியாவிடம் 0-9, பிரேசிலிடம் 0-3. பிரேசிலுக்கு ஃப்ரீ கிக் கிடைத்து நடுவர் விசிலும் ஊதியபின், தடுப்புச் சுவரில் நின்ற ம்வேபு இலுங்கா ஓடிவந்து பந்தைத் தூர உதைத்துவிட்டார். ஆட்ட விதிகூடத் தெரியாத கூட்டம் என்று பல ஆண்டுகள் அந்தக் காட்சியைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். விதி தனக்கு நன்றாகவே தெரியும் என்று இலுங்கா பிற்பாடு சொன்னார். வீரர்களுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை. 9 கோல் வாங்கிய பிறகு ஜயரை ஆண்ட சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசு விடுத்த மிரட்டல் வேறு தலைக்கு மேல் தொங்கியது. சிரித்தவர்கள் இதையெல்லாம் விசாரிக்கவில்லை.

இன்னொரு தமிழ் வழக்கு, ஒப்புக்குச் சப்பாணி. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழும் என்று ஒரு பொடிசைச் சும்மா சேர்த்துக்கொள்வோம். அது அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஓடினாலும் கணக்கில்லை. சப்பாணி என்பது உடல் ஊனத்தைக் குறிக்கும் சொல் என்பதால் இன்று அச்சில் ஏற்ற வேண்டாம். ஆனால் அது குறிக்கும் நிலைமை கால்பந்தில் அப்படியே இருந்தது. 1966 உலகக் கோப்பையில் மொத்தம் 16 அணிகள். அதில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஓர் இடம். கானா முன்னின்று நடத்த, ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகின. கடைசியில் அந்த ஒற்றை இடத்தில் போய் உட்கார்ந்தது வட கொரியா. இத்தாலியை 1-0 என்று வென்று ஊருக்கு அனுப்பியது. ஆப்பிரிக்காவுக்கென்று 1970இல் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் வந்ததுதான் மொராக்கோ.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்தாக வேண்டும், இந்தப் பேச்சின் மையமே அதுதான். ஓர் அணி உலகத்தின் மரியாதையைப் பெற்றது என்கிறோம், மதிப்பைப் பெற்றது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மரியாதை வடசொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்கு எல்லை, வரம்பு என்று பொருள். வரம்பு மீறாமல் நடப்பதுதான் மரியாதை. மதிப்பு, மதி என்ற வினையிலிருந்து வருவது. அளவிடு, கணக்கிடு என்பது அதன் அடிப்படை. அதனால்தான் நிலத்துக்கு மதிப்பு, மனிதருக்கும் மதிப்பு, தேர்வுத்தாளுக்கு மதிப்பெண். அண்டர்டாக் என்பவர் குறைத்து மதிப்பிடப்பட்டவர். அவர் மதிப்பைப் பெறுகிறார் என்றால் பழைய கணக்கு திருத்தப்படுகிறது என்று பொருள். மரியாதை சுலபமாகக் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கல், எழுந்து நின்று கைதட்டல், மறுநாள் செய்தியில் 'இதயங்களை வென்றது' (தோற்ற சின்ன அணிக்கு நம் பத்திரிகைகள் தவறாமல் தரும் ஆறுதல் பரிசு). மதிப்பு அப்படி வராது. அது இட ஒதுக்கீட்டிலும் விதிப்புத்தகத்திலும் எதிரணியின் பயிற்சித் திட்டத்திலும் தெரிய வேண்டும்.

1982இல் ஸ்பெயினின் கிஹோன் நகரில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியோடு ஆடியது. ஆட்டத்துக்கு முன் ஒரு ஜெர்மன் வீரர், ஏழாவது கோலை மனைவிமாருக்கும் எட்டாவதை நாய்களுக்கும் சமர்ப்பிப்போம் என்று கேலி பேசியதாக இன்றும் சொல்வார்கள். நாய் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். முடிவு: அல்ஜீரியா 2, மேற்கு ஜெர்மனி 1. அல்ஜீரியா அப்புறம் சிலியையும் வென்றது. ஆனால் அந்தப் பிரிவின் கடைசி ஆட்டம், ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும், அதற்கு மறுநாள். ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. மிச்ச நேரம் முழுக்கப் பந்தை இங்குமங்கும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆட்டம் வென்ற அல்ஜீரியா வெளியே. அல்ஜீரியா புகார் கொடுத்தது, முடிவு மாறவில்லை. ஆனால் 1986 முதல் உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இன்று ரசிகர்கள் இரண்டு திரையில் ஒரே சமயம் பார்த்துப் பதறுகிறார்களே, அது அல்ஜீரியாவால் வந்தது. அந்த அணி பெற்ற மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். அன்று ஆடியவர்களுக்கு இது என்ன ஆறுதல் என்று கேட்டால் பதில் இல்லை.

கேமரூன் கதை ஊரறிந்தது. 1990 தொடக்க ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை, 9 பேராகக் குறைந்தும், 1-0 என்று வென்றார்கள். அந்தத் தொடரில் கோல் அடித்துவிட்டு 38 வயது ரோஜர் மில்லா மைதான மூலைக் கொடிக்கம்பத்தருகே ஆடிய நடனம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காலிறுதியில் இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் 2-3 என்று தோற்றார்கள். நடனத்தைப் பாராட்டியது மரியாதை. 1994இல் ஆப்பிரிக்காவின் இடம் இரண்டிலிருந்து மூன்றானது, 1998இல் ஐந்தானது, இதுதான் மதிப்பு. 2026க்கு நேரடி இடங்கள் மட்டும் ஒன்பது.

மரியாதைகூடக் கிடைக்காத தருணமும் உண்டு. 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து போர்ச்சுகலோடு 1-1 என்று சமன் செய்து கொண்டாடியதைப் பார்த்து, சின்ன மனப்பான்மை, இவர்கள் ஒன்றும் சாதிக்கப்போவதில்லை என்றார் போர்ச்சுகலின் ரொனால்டோ. அதே ஐஸ்லாந்து சில நாளில் இங்கிலாந்தை 2-1 என்று வெளியேற்றியது. கோப்பையைப் போர்ச்சுகல் வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பொருத்தமான தமிழ்ச்சொல். பழைய இலக்கியத்தில் தேடினால் 'ஆற்றார்' கிடைக்கும், வலிமை இல்லாதவர் என்று பொருள். இடனறிதல் அதிகாரத்தில் 'ஆற்றாரும் ஆற்றி அடுப' என்கிறது குறள். தக்க இடம் அறிந்து, தன்னைக் காத்துக்கொண்டு மோதினால் பலமற்றவரும் வெல்வார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் லா பாஸில் 2009இல் பொலிவியா 6-1 என்று அர்ஜென்டினாவை அடித்தது. மெஸ்ஸி ஆடினார், மரடோனா பயிற்சியாளர். குறளுக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. ஆனால் இன்றைய காதில் ஆற்றார் என்றால் ஆற்றாமைதான் நினைவுக்கு வரும். தலைப்புச் செய்திக்கு உதவாது.

என் தேர்வு எளியோர். அணிக்கு, எளிய அணி. டாப் டாக், அண்டர்டாக் என்ற ஜோடி தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: வலியார், எளியார். 'எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும்' என்ற பழமொழியில் இரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. அடிபடுகிறவர் பக்கம் சாயும் மனசும் அதிலேயே இருக்கிறது. எளிய என்றால் வசதி குறைந்த என்றும் பொருள், சுலபமான என்றும் பொருள். அண்டர்டாக் அணியை எதிரணி பார்க்கும் பார்வையும் இதுதானே, சுலபமான ஆட்டம் என்று. வலிய அணியைப் பத்திரிகைகள் ஜாம்பவான் என்கின்றன. ராமாயணத்துக் கரடி அரசர் அவர். ஆங்கிலத்தில் நாய், தமிழில் கரடி என்று ஒரு சண்டையை மூட்டிவிட வேண்டாம். வலிய அணி என்பதே போதும்.

சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் மட்டுமே உள்ள கரீபியத் தீவு குராசாவ் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அது எளிய அணி. யாரும் மறுக்க மாட்டார்கள். மொராக்கோவுக்கு அந்தப் பெயர் இனி ஒட்டாது. 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா அவர்களை 2-0 என்று வென்றபோது எளிய அணியாகக் கருதப்பட்டது தென்னாப்பிரிக்காதான். 2025இல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை வென்று தட்டி வந்தார்கள் மொராக்கோ இளைஞர்கள். 2009இல் தொடங்கிய கால்பந்துப் பயிற்சி மையத்திலிருந்துதான் போர்ச்சுகலுக்கு எதிராகக் கோல் அடித்த என்-நெசிரியும் வந்தார்.

ஓரிடத்தில் மட்டும் எளிய அணி இடறும். 1954 இறுதியாட்டத்தில் ஹங்கேரியை எதிர்கொண்ட மேற்கு ஜெர்மனி, பிரிவு ஆட்டத்தில் அதே ஹங்கேரியிடம் 3-8 என்று தோற்றிருந்தது. பெர்னில் நடந்த இறுதியில் 3-2 என்று வென்றது. அன்றைக்கு அவர்கள் அண்டர்டாக் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய கால்பந்து நாட்டை எளிய அணி என்று எழுதினால் நெருடும். அங்கே 'வெல்வார்கள் என்று யாரும் நினைக்காத அணி' என்று விரித்தே எழுதிவிடலாம்.