மேய்ந்தும் தேறாத ஆடு: கடற்கரை மணலும் கோபால்டும்

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் கொஞ்சம் செம்மறி வளர்க்கிறார்கள். "மழைக்கு அப்புறம் புல் நன்றாகத்தான் கிடக்கிறது. ஆடு கொஞ்ச நேரம் மேயும், பிறகு புல்லைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கும். குட்டிகள் தேறவே இல்லை, கண்ணில் நீர் வடிகிறது. மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் கொடுத்தார்கள், பாட்டில் பாட்டிலாக ஊற்றியாயிற்று. மாமியார் கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். டானிக்கை மாற்றிப் பார்க்கலாமா?"

கயிற்றால் ஆட்டுக்குக் கெடுதல் இல்லை. கயிறு கட்டியாயிற்று, சரியாகிவிடும் என்று பத்து நாள் பேசாமல் இருந்துவிடுகிறோம் பாருங்கள், கெடுதல் அங்கேதான். மழைக்குப் பின் செம்மறி மெலிந்தால் முதல் சந்தேகம் குடற்புழு மேல். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரைப்பையில் புழு உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கொஞ்சம் புழுக்கையைப் பொட்டலம் கட்டி அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். அதை முடித்த பிறகும் ஆடு தேறாவிட்டால்தான் இந்தக் கட்டுரையின் மீதி.

டானிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வைட்டமின் ஏ, ஈ இரண்டும் பச்சை இலையிலிருந்து வந்துவிடும். வைட்டமின் டி வெயிலில் தோலிலேயே உருவாகும். நம் கரையில் வெயிலுக்கு என்ன பஞ்சம்! வைட்டமின் சி ஆட்டின் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது, ஆரஞ்சுப் பழம் தேவைப்படுவது நமக்குத்தான். மிச்சம் பி குடும்பமும் கே-யும். இவற்றை ஆட்டின் அசையூண் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து கொடுக்கின்றன. நீங்கள் வாய்வழியே ஊற்றும் பி வைட்டமின்கள் முதலில் போய்ச் சேருவதும் அதே பாக்டீரியாக்களிடம்தான். அவை அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டு, மிச்சத்தை மேலே அனுப்பும். ஆக, ஆரோக்கியமான அசையூண் வயிறு உள்ள ஆட்டுக்கு பி காம்ப்ளெக்ஸ் டானிக் பெரும்பாலும் காசுக்குப் பிடித்த கேடு.

இதில் ஒரு வைட்டமின் மட்டும் தனி ரகம். பி12. இதை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் அதன் தூரத்து உறவான ஆர்க்கியாவும் மட்டுமே செய்கின்றன. நாம் குடிக்கும் பாலிலும் சாப்பிடும் கறியிலும் இருக்கும் பி12 எல்லாம் ஏதோ ஒரு மாட்டின், ஆட்டின் வயிற்றில் பாக்டீரியா செய்ததுதான். அந்த பாக்டீரியாக்களுக்கு இதற்கென்று ஒரு மூலப்பொருள் வேண்டும். அதுதான் கோபால்ட் என்ற உலோகம். பி12-இன் மூலக்கூறு எடை சுமார் 1355. அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு கோபால்ட் அணுவின் எடை 59. அந்த ஓர் அணு இல்லாவிட்டால் மீதி அத்தனையும் வீண்.

ஆட்டுக்கு பி12 எதற்கு? இங்கேதான் எனக்குப் பிடித்த வேதியியல் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புல்லில் இருக்கும் செல்லுலோஸை ஆட்டால் செரிக்க முடியாது. பாக்டீரியா அதை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று மூன்று சிறிய அமிலங்களாக்குகிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான். சரி, சர்க்கரை? தீவனத்தில் இருந்த மாவுச்சத்து, சர்க்கரை எல்லாவற்றையும் பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடுவதால், குடலிலிருந்து ஆட்டின் ரத்தத்துக்குள் குளுக்கோஸ் அநேகமாகப் போவதே இல்லை. ஆனால் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும், வயிற்றில் வளரும் குட்டிக்கு வேண்டும், பாலில் இருக்கும் சர்க்கரைக்கும் அதுதான் அடிப்படை. எனவே ஆடு ஒவ்வொரு நாளும் தன் கல்லீரலில் குளுக்கோஸைப் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். மூன்று அமிலங்களில் அசிட்டிக்கும் பியூட்டிரிக்கும் இதற்கு உதவாது. புரோப்பியோனிக் ஒன்றைத்தான் சர்க்கரையாக மாற்ற முடியும்.

புரோப்பியோனிக் அமிலத்தில் மூன்று கார்பன். கல்லீரல் அதோடு கார்பன் டை ஆக்சைடிலிருந்து இன்னொரு கார்பனை ஒட்டுகிறது. நான்கும் ஒரே வரிசையில் நின்றால் அது சக்சினைல், நேராகச் சர்க்கரைக்குப் போகும் பாதையில் ஏறிவிடும். ஆனால் புதிய கார்பன் வரிசையின் முனையில் ஒட்டாமல் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. கிளை விட்ட மூலக்கூறு, பெயர் மெத்தில்மலோனைல். இந்தக் கிளையை நிமிர்த்த வேண்டும். அதற்கு நடுக் கார்பனில் தொங்கும் ஒரு பெரிய தொகுதியைப் பெயர்த்து, பக்கத்தில் இருக்கும் மெத்தில் கார்பனில் உட்கார வைக்க வேண்டும். அது உட்கார இடம் வேண்டுமானால் மெத்திலில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் முதலில் எழுந்து போக வேண்டும். மெத்தில் ஹைட்ரஜனோ லேசில் அசையாது. அமிலம், காரம் என்று வழக்கமான வேதியியலில் எதைப் போட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

பி12-இன் வேலை இங்கே. அதன் கோபால்ட் அணு ஒரு கார்பன் அணுவோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. உலோகமும் கார்பனும் இப்படிக் கைகோத்திருப்பது உயிர் வேதியியலில் அபூர்வம். இந்தப் பிணைப்பு வேண்டுமென்றே பலவீனமானது. நொதி கொஞ்சம் நெருக்கினால் போதும், பிணைப்பு நடுவில் முறிந்து ஆளுக்கொரு எலக்ட்ரானோடு பிரிந்துவிடும். தனி எலக்ட்ரானோடு நிற்கும் அந்தக் கார்பனுக்கு மகா பசி. யாருக்கும் அசையாத மெத்தில் ஹைட்ரஜனை அது பிடுங்கிவிடுகிறது. காலியான இடத்துக்குப் பெரிய தொகுதி தாவுகிறது. பிடுங்கிய ஹைட்ரஜன், தொகுதி விட்டுப்போன இடத்தில் திருப்பி வைக்கப்படுகிறது. கார்பன் மறுபடி கோபால்டிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அடுத்த மூலக்கூறுக்குத் தயார். கடன் வாங்கி, வேலையை முடித்து, கடனைத் திருப்பிக் கொடுத்து, எதையும் செலவழிக்காமல் நிற்கிறது. தானாக முறிவதைவிட லட்சம் கோடி மடங்கு வேகத்தில் இந்தப் பிணைப்பை நொதி முறிக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் உலாவ வேண்டும் போலிருக்கும்.

கோபால்ட் இல்லையென்றால் பி12 இல்லை. பி12 இல்லையென்றால் மெத்தில்மலோனைல் நிமிராமல் தேங்குகிறது, அதற்குப் பின்னால் புரோப்பியோனிக் அமிலம் ரத்தத்திலேயே நிற்கிறது. ஆட்டைப் பொறுத்தவரை ரத்தத்தில் புரோப்பியோனிக் நிறைய இருந்தால் 'வயிறு நிறைந்தது' என்று பொருள். அதனால் மேய்ச்சலை நிறுத்துகிறது. முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு பட்டினி கிடக்கிறது. ஆடு மெலியும், ரத்தம் குறையும், கண்ணில் நீர் வடிந்து கன்னத்து மயிர் பிசுபிசுக்கும். வாசகியின் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது இதனால்தான்.

இந்த நோயின் கதையும் ஒரு கடற்கரையில்தான் தொடங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் சுண்ணாம்பு மணல் மேடுகளில் மேய்ந்த செம்மறிகள் மெலிந்து செத்தன. உள்நாட்டுக்கு ஓட்டிப் போனால் தேறின, திரும்ப வந்தால் விழுந்தன. 'கடற்கரை நோய்' என்றே பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற ஊர்ப் பக்கம் மாடுகளும் இதே போல் இளைத்தன. ரத்தசோகை இருந்ததால் எல்லோரும் இரும்பைச் சந்தேகித்தார்கள். லிமோனைட் என்ற இரும்புத் தாதுவை அரைத்துக் கொடுத்தால் குணமானது. ஆனால் சுத்தமான இரும்பு உப்பைக் கொடுத்தால் பலனில்லை. அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். லிமோனைட்டிலிருந்து இரும்பை முழுக்க நீக்கிவிட்டு, மீதிச் சாற்றைக் கொடுத்தார்கள். மாடு தேறியது! இரும்புக்குள் அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்த கோபால்ட்தான் மருந்து என்று 1935-இல் தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் தெற்கில் மார்ஸ்டனும் லைன்ஸும் செம்மறியில் அதையே கண்டார்கள்.

ஆனால் ஒரு புதிர் மிச்சமிருந்தது. கோபால்டை வாய்வழியே கொடுத்தால் குணம், ஊசியில் ஏற்றினால் குணமில்லை. விடை வர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கல்லீரலிலிருந்து பி12-ஐச் சிவப்புப் படிகமாகப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்! பிறகு பி12-ஐ ஊசியில் போட்டால் ஆட்டுக்குட்டி தேறுகிறது என்று 1951-இல் காட்டினார்கள். கோபால்ட் தேவை பாக்டீரியாவுக்கு, பி12 தேவை ஆட்டுக்கு. அவ்வளவு பெரிய மூலக்கூறின் அமைப்பை எக்ஸ்கதிர் கொண்டு கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-இல் நோபல் கிடைத்தது.

தினமும் கோபால்ட் கொடுப்பது எப்படி? ஆயிரக்கணக்கான ஆடு பரந்த வெளியில் மேயும் நாட்டில் அது முடியாது. மார்ஸ்டன் குழுவினர் 1958-இல் கோபால்ட் ஆக்சைடை மண்ணோடு சேர்த்துச் சுட்டு, கனமான குண்டு ஒன்றை ஆட்டை விழுங்க வைத்தார்கள். கனம் காரணமாக அது வயிற்றின் அடியிலேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நாளடைவில் குண்டின் மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து மூடிக்கொண்டது. அதற்கும் வழி கண்டார்கள். கூடவே ஒரு சிறிய இரும்புத் திருகாணியையும் விழுங்க வைத்தார்கள். வயிறு அசையும்போதெல்லாம் திருகாணி குண்டை உரசிப் படிவை நீக்கிவிடும். வழுவழுத்துப்போன அம்மியைக் கொத்துவது மாதிரி, ஆனால் ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே.

இனி நம் கரைக்கு வருவோம். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் பவளச் சுண்ணாம்புக்கல்லும் வெண்மணலும் நமக்குத் தெரிந்ததுதான். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை கூடிய மண்ணில் செடிகள் கோபால்டைக் குறைவாகவே உறிஞ்சும். அதனால் இங்குள்ள ஆடெல்லாம் கோபால்ட் இல்லாமல் வாடுகிறது என்று சொல்லிவிட முடியாது. புல்லைப் பிடுங்கும்போது ஆடு கொஞ்சம் மண்ணையும் விழுங்குகிறது, மண்ணில் புல்லைவிடக் கோபால்ட் பல மடங்கு அதிகம். வெள்ளாடு செடி செடியாகத் தாவிக் கொறிப்பதால் அதற்கு ஆபத்து குறைவு. செம்மறிக்கு, அதிலும் குட்டிக்குத்தான் அதிகம். ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் கிடை போடப் போவது தீவனத்துக்காகவும் கிடைக் கூலிக்காகவும்தான். ஆனால் அந்த ஆடுகள் வருஷத்தில் பாதி வேறு மண்ணில் மேய்கின்றன என்பது இந்தக் கணக்கில் சும்மா இல்லை. வீட்டோடு கட்டி வளர்க்கும் ஆட்டுக்கு அந்த வாய்ப்பில்லை.

இன்னொன்று. பக்ரீத்துக்குக் கெடா தேற்றுகிறேன் என்று ரேஷன் அரிசிச் சோற்றை அள்ளிப் போடுகிறோம். மாவுச்சத்து கூடினால் வயிற்றில் புரோப்பியோனிக் கூடும், அதே சமயம் பாக்டீரியா செய்யும் பி12 குறையும். வேலை கூடுகிறது, ஆள் குறைகிறது. இது மெதுவாக வரும் தொல்லை. ஒரேயடியாகச் சோற்றைப் போட்டால் வயிறு புளித்து ஒரே நாளில் ஆடு செத்துப்போவதும் உண்டு.

நம் மண்ணில் கோபால்ட் எவ்வளவு, கருவைக் காயில் எவ்வளவு, கோரையில் எவ்வளவு என்று கிராமம் கிராமமாக அளக்க வேண்டும் என்பது என் ஆசை. பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் இப்படிப்பட்ட தாது வரைபட வேலைகளைச் செய்கிறது. ஆனால் எங்கும் காசு கறவை மாட்டைச் சுற்றியே ஓடுகிறது. மண்டபத்தில் மீனுக்கும் கடல்பாசிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன, சந்தோஷம். அதே கரையில் மேயும் ஆட்டின் தீவனத்தையும் ஒரு கருவியில் வைத்து அளக்க ஏன் மனம் வரவில்லை?

அதுவரை வாசகியே ஒரு சோதனை செய்யலாம். மருத்துவரிடம் பேசி, ஒத்த வயதுக் குட்டிகளில் பாதிக்கு மட்டும் பி12 ஊசி போடச் சொல்லுங்கள். மீதிப் பாதியை விட்டுவிடுங்கள். மீன் எடை போடும் கொக்கித் தராசில் எல்லாக் குட்டியையும் நிறுத்துக் குறித்து வையுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுங்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கறுப்புக் கயிற்றை அவிழ்க்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டியிருந்தால் போதும்.

ஊசி போட்ட குட்டிகள் மட்டும் தேறினால் வழி சுலபம். ஒரு கிலோ காய்ந்த தீவனத்துக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்குக் கோபால்ட் இருந்தால் பொதுவாகப் போதும். ஒரு கிராம் கோபால்ட் ஓர் ஆட்டின் ஆயுசுக்கும் மிஞ்சும் கணக்கு இது. ஆனால் உடம்பில் சேர்த்து வைத்து வயிற்று பாக்டீரியாவுக்குத் திருப்பித் தர ஆட்டால் முடியாது, எனவே கொஞ்சமாக, தொடர்ந்து போக வேண்டும். தாது உப்புக் கட்டியைக் கொட்டகையில் மழை படாத இடத்தில், ஆட்டுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் போதும். வாங்கும்போது செம்மறிக்கென்று தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கான கலவையில் தாமிரம் அதிகம். செம்மறியின் கல்லீரல் தாமிரத்தை வெளியே தள்ளத் தெரியாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். ஒருநாள் திடீரென்று அது ரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்போது மருத்துவரைக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.